நின்ற இடத்தில் ஓடிய வண்டி

"அக்கா, முப்பத்தெட்டாயிரம்!" என்று வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கத்தினான் கிலோமீட்டர். "ஆறு வருஷத்துல வெறும் முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு! இதை நான் ஒரே சீசன்ல தாண்டிடுவேனே. வண்டியை வாங்கி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தீங்களா?"

வாசலில் நின்று ரொட்டிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள். தம்பிக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடித்ததுதான், பிறகு ஆண்டவனே வந்து சொன்னாலும் ஏறாது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வெளியே மூன்று நாளாக ஒரு வறட்டுக் காற்று. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வரும், தூசியை வாரி முகத்தில் இறைத்துவிட்டு ஓடிவிடும்.

கிலோமீட்டர் என்பது உடன் வேலை பார்த்த டிரைவர்கள் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் அவனுக்கு தூரத்தில் சொல்ல வேண்டும். ஒருவனுக்கு மாரடைப்பு என்றால் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவிட்டுத்தான் வருத்தப்படுவான். பதினைந்து வருஷம் கம்பெனி லாரியில் நெடுஞ்சாலைகளைத் தின்று தீர்த்தவன். போன மாதம் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. இப்போது மலையுச்சியில் காற்றாலை நடுகிறவர்களிடம் இரண்டு வருஷத்துக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் பின்னால் கட்டி மேலே இழுத்துப் போக வேண்டும், வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு தடவை வண்டி படுத்துவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஒருவனின் வண்டி நிற்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"பெடல் ரப்பர்ல வரிகூட அழியல. சீட்டுல ஒரு தையல் பிரியல. எஞ்சின் போல்ட்டுல கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு. ஸ்பானர் படாத எஞ்சின்க்கா இது!"

"இறங்கி வா மாப்ள. முதல்ல சாப்பிடு" என்றார் வெல்டர்.

வெல்டர் அவளுடைய கணவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் திரும்பச் சொல்ல மாட்டார். புருஷனும் பெண்டாட்டியும் இந்தக் கனமான பிக்கப்பை வாங்கி, அதன் எஞ்சினாலேயே சுற்றுகிற ஒரு வெல்டிங் ஜெனரேட்டரைப் பின்னால் பொருத்தி, கரண்ட் இல்லாத இடங்களுக்கெல்லாம் போய் வேலை செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி, பாலத்துக் கைப்பிடி, கிடங்குக் கூரை. அவர் பற்றவைப்பார், அவள் வெல்டிங் ராடு எடுத்துக் கொடுப்பாள், தகட்டைப் பிடிப்பாள், கசடைத் தட்டுவாள், பொறி பறந்து எங்காவது தீப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். தெருவில் அவளுக்குப் பொறியக்கா என்று பெயர். இப்போது வெல்டருக்கு பஸ் கூண்டு கட்டுகிற பட்டறையில் நிரந்தர வேலை. அங்கே சுவரிலேயே கரண்ட் இருக்கிறது. வண்டிக்கு வேலை இல்லை. கிணறு தோண்டுகிற ஒருவர் பம்பு ஓட்டுவதற்கு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிலோமீட்டர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசினான்.

"எனக்கு இன்னொரு வண்டியும் காட்டினாங்க மாமா. ஆறு சிலிண்டர். நாலு லட்சத்து முப்பதாயிரம் ஓடியிருக்கு. அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானா? இது எட்டு சிலிண்டர், அக்கா வீட்டு வண்டி."

"அந்த ஆறை வாங்கு" என்றார் வெல்டர்.

"என்ன மாமா!"

"அதுல ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்கும், பஸ்ஸுக்கு நிக்கிற ஜனம் மாதிரி. எதைத் தொடணும்னாலும் கைக்கு எட்டும். இதுல நாலும் நாலும் ரெண்டு பக்கமா சாய்ஞ்சு நிக்கும். நல்லாத்தான் இழுக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா உள்ளே ஒரு பெரிய கோளாறுன்னா டிரைவர் கூண்டையே தூக்கணும். அடுப்புப் பத்த வைக்க வீட்டைத் தூக்கற கதை."

"எட்டுப் பேர் இழுக்கிறதை ஆறு பேர் இழுப்பானா?"

"ஆறு பேரும் ஒழுங்கா மூச்சு விட்டா இழுப்பான். இந்த எட்டுப் பேருக்கு மூச்சு போச்சு மாப்ள. மலைக்கு இது ஆகாது."

கிலோமீட்டர் சிரித்தான். மாமா விளையாடுகிறார் என்று நினைத்தான். வெல்டர் எழுந்து போய் வண்டியில் சாவியைத் திருப்பி, மீட்டருக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்தார். கிலோமீட்டர் கணக்கு மறைந்து வேறு ஓர் எண் வந்தது. பன்னிரண்டாயிரம்.

"இது எஞ்சின் ஓடின மணி நேரம். ரோட்டுல ஓடினது ஆயிரத்து இருநூறு மணி இருக்கும். மிச்சமெல்லாம் வண்டி நின்னுச்சு, எஞ்சின் ஓடுச்சு. ஒரு மணி நேரம் அப்படி ஓடினா நாப்பது கிலோமீட்டர் போன தேய்மானம்னு மெக்கானிக் சொல்லுவான். சிம்ல வச்சு நாள் பூரா எரிச்ச அடுப்பு. உள்ளே அவ்வளவும் கரி."

கிலோமீட்டர் அந்த எண்ணைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"கிணத்துக்காரர் எப்ப வர்றார்?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை."

"அவருக்கு மட்டும் இது ஆகுமா?"

"அவருக்கு மணிக்கணக்கு தெரியும். அவர் வேலையும் நின்ன இடத்துலதான். தரையில நிறுத்தி மெல்ல ஓட்டினா இன்னும் நாலு வருஷம் ஓடும்."

"அவர் விலை கூடுதலாக் கொடுக்கிறாரா மாமா?"

வெல்டர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற மனுஷன் அவர் இல்லை. அது தெரிந்ததால் பொறியக்கா குறுக்கே வந்தாள்.

"டேய், பைத்தியமா உனக்கு? உன் நல்லதுக்குச் சொல்றாரு."

"பட்டனை அமுக்கினா என்ன நம்பர் வேணா வரும்க்கா. பதினஞ்சு வருஷம் வண்டி ஓட்டினேன், ஒருத்தனும் என்கிட்ட மணி கேட்டதில்ல. எனக்குக் கொடுக்க மனசில்லைன்னா நேராச் சொல்லிடுங்க. இப்படி வண்டிக்கு வியாதி வர வைக்காதீங்க."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு கடிகூட கடிக்கவில்லை.

பொறியக்காவுக்கு அன்றைக்கு முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. துணியை நனைத்துவிட்டுத் துவைக்க மறந்தாள். காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி வீட்டுக்கும் வண்டிக்கும் நடந்தாள். விற்கிறவன் பொருளை உயர்த்திச் சொன்னால் சந்தேகப்படலாம். இங்கே விற்கிறவன் தன் பொருளைத் தானே தாழ்த்திச் சொல்கிறான், அதற்கும் சந்தேகப்பட்டால் எந்த மொழியில் போய்ச் சொல்வது? அவன் மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். அந்த மலை ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது, பாலத்துக் கைப்பிடி போடப் போனபோது அவளே பார்த்திருக்கிறாள். ஏற்றத்தில் நின்ற ஒரு லாரி பின்னால் உருண்டு பாதிக் கைப்பிடியைக் கொண்டுபோயிருந்தது. அதைத்தான் இவர்கள் போய் ஒட்டவைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கணவர் பட்டறைக்குப் போனதும் அந்த ஆறு சிலிண்டர் வண்டியைத் தேடிக்கொண்டு தானே கிளம்பினாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். படகு கட்டுகிற பட்டறையிலிருந்து துறைமுகத்துக்குப் படகு இழுத்துப் போனவர், இப்போது பார்வை குறைந்துவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டுப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வண்டி. பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"ரெண்டு பேர் வந்தாங்கம்மா. மீட்டரைப் பார்த்தாங்க, பேயைப் பார்த்த மாதிரி ஓடிட்டாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "உங்களுக்கா?"

"என் தம்பிக்கு. ஸ்டார்ட் பண்ணலாமா?"

அவள் முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது, முன்கூட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. கண்ணாடிக்காரர் சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, அதே வாயின்மேல் தலைகீழாக வைத்தாள். உள்ளே தேய்ந்த எஞ்சினாக இருந்தால் புகை முட்டி மூடி குதிக்கும். இங்கே மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டு வண்டியில் இதே மூடி கொதிக்கிற பாத்திரத்து மூடி மாதிரி ஆடும்.

"எத்தனை நேரம் நின்னு ஓடியிருக்கும் ஐயா?"

கண்ணாடிக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்விம்மா. நிக்கவே விட்டதில்ல. ஏறினா நாலு மணி நேரம், ஒரே வேகம், ஒரே ரோடு. டீ குடிக்க இறங்கினாலும் அணைச்சுட்டுத்தான் இறங்குவேன். என் வீட்டுக்காரிகூட சொல்லுவா, என்னைவிட இதுக்குத்தான் நேரத்துக்கு எண்ணெய் மாத்தறீங்கன்னு."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தம்பி வீட்டுக்கு நடந்தே போனாள். காற்று எதிரில் அடித்தது. வாயெல்லாம் மண்.

கிலோமீட்டர் படியில் உட்கார்ந்து தன் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மலை வேலைக்கான தயாரிப்பு. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மூடி ஆடாததைச் சொன்னபோது குரலே உயர்ந்துவிட்டது.

"மாமா அனுப்பினாரா?" என்று கேட்டான்.

"நானாப் போனேன்டா."

"எட்டு சிலிண்டர்னா மூடி கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

"கொஞ்சம் இல்லடா, குதிக்குது."

"அக்கா, கோவிச்சுக்காத. நீ ராடு எடுத்துக் கொடுத்தவ. நான் பத்து லட்சம் கிலோமீட்டர் பார்த்தவன். ஒரு வண்டி தேய்ஞ்சா அது எங்கயாவது போயிருக்கணும். உங்க வண்டி எங்க போச்சு? நீங்கதான் எங்க போனீங்க? ஆறு வருஷத்துல இந்த ஊரைச் சுத்தி முப்பத்தெட்டாயிரம். ஓடாத வண்டி எப்படிக்கா தேயும்?"

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, "அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள் பொறியக்கா.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றேன்" என்றான் தம்பி. "கிணத்துக்காரர் என்ன கொடுக்கிறாரோ அதையே நான் தர்றேன். மாமாகிட்ட சொல்லிடு."

வீட்டுக்கு வந்து சொன்னாள். வெல்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துடைத்து, துண்டைக் கொடியில் போட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

"வரட்டும். சாவியைக் கொடுத்துடறேன்."

"என்னங்க!"

"ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொன்னா எனக்கே நான் பொய் சொல்ற மாதிரி இருக்கும். விலை கூடுதலாக் கிடைக்குதுன்னு அவனுக்கு மறுத்தேன்னு பேர் வாங்கிட்டு நான் இருக்க முடியாது. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

"பட்டா தெரிஞ்சுக்கற இடமா அது? மலைங்க!"

அவர் கொடியிலிருந்த துண்டை எடுத்து மறுபடி கையைத் துடைத்தார். அவருக்கும் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வீம்பு பிடித்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தன் தலையெழுத்தை நொந்துகொண்டு ஆறிய டீயை நின்றபடியே குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக விடிந்ததும் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். பம்பர்மேல் ஏறி நின்று, வலது பக்கத்துக் காற்றுக் குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதற்கடியில் ஒயர்க் கொத்து. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, எது எங்கே என்று சாக்பீஸால் அடையாளம் போட்டாள். இடம் இடுக்கு. முழங்கை உரசி ரத்தம் வந்தது. கடைசியில் எஞ்சினின் மேல்பக்கத்தை மூடுகிற ராக்கர் கவர் தெரிந்தது. நாற்புறமும் போல்ட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனியின் சாம்பல் பெயின்ட் கீறல் இல்லாமல். அதில் ஸ்பானர் பட்டால் பெயின்ட் உடையும். உடைந்தால் அப்புறம் இது ஸ்பானர் படாத எஞ்சின் இல்லை, கிணற்றுக்காரரும் அதை நம்பித்தான் கேட்கிறார். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் போல்ட்டில் சாக்கெட் ஸ்பானரை மாட்டி ஓங்கி இழுத்தாள். டக்கென்று விட்டது.

நாலாவது போல்ட்டுக்குப் போனபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. கணவர். கையில் டீ டம்ளர். உடைந்த பெயின்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். இப்போது கத்தப் போகிறார் என்று காத்திருந்தாள். கத்தினால் திருப்பிக் கத்துவதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

அவர் உள்ளே போய் ஸ்பானரோடு சேர்த்து மாட்டுகிற நீளமான எக்ஸ்டென்ஷன் ராடை எடுத்துவந்து நீட்டினார்.

"பின்னாடி இருக்கிற ரெண்டு போல்ட்டுக்கும் வெறும் ஸ்பானர் எட்டாது" என்றார்.

ஒன்பது மணிக்குக் கிலோமீட்டர் வந்தான். கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கவர் கழன்று தரையில் விரித்த துணிமேல் கிடந்தது.

"அய்யோ! எஞ்சினைத் தொட்டுட்டியேக்கா! ஸ்பானர் படாத எஞ்சினை... மாமா, நீங்க பார்த்துட்டு சும்மாவா நின்னீங்க?"

"வந்து பாரு" என்றாள்.

"என்னத்தைப் பாக்கறது?"

"ஏறி வந்து பாருடா!"

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு ஏறினான். உள்ளே தார் ஊற்றியது மாதிரி கறுப்பாக ஒரு படிவு. எண்ணெய் அல்ல, களி. அவள் ஒரு குச்சியால் வழித்தாள், குச்சியோடு வந்தது. வால்வைத் தள்ளுகிற ராக்கர் ஒன்றைத் துணியால் துடைத்துக் காட்டினாள். வழவழவென்று உருண்டிருக்க வேண்டிய முனையில் நகத்தை வைத்தால் இடறுகிற பள்ளம். அடுத்ததிலும் பள்ளம். அதற்கடுத்ததிலும்.

கிலோமீட்டர் தன் விரலை வைத்துத் தடவினான். ஒவ்வொன்றாக, நாலு சிலிண்டருக்கும். எந்த வியாபாரியாலும் இதைப் போலியாகச் செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரியும். இறங்கி வந்து மண்ணிலேயே குந்தினான்.

அப்போது கிணற்றுக்காரரின் போன் வந்தது. வெல்டர் பேசினார். "வாங்க, ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எஞ்சினோட வலது பக்கத்தைத் திறந்துட்டோம். இல்லங்க, ரிப்பேர் இல்ல. என் மச்சினனுக்குக் காட்டறதுக்காக. ஆமா, என் சம்சாரம்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க. புரியுதுங்க." போனைப் பையில் போட்டார். "வேண்டாங்கறார். திறந்த எஞ்சின் அவருக்கு வேண்டாமாம்."

"எனக்காக உங்க வியாபாரத்தைக் கெடுத்துட்டேனே மாமா" என்றான் தம்பி. குரல் உள்ளே போயிருந்தது.

"வியாபாரம் வரும் போகும். நீ கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போ. அவர் வண்டியை யாராவது கொண்டுபோயிடப் போறான்."

கிலோமீட்டர் எழுந்திருக்கவில்லை. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கணக்குப் போடுகிறான் என்று பொறியக்காவுக்குப் புரிந்தது. எப்போதும் போடுகிற கணக்குத்தானே என்று அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நின்னது மட்டும் பத்தாயிரத்து எண்ணூறு மணி" என்றான். "நாப்பதால பெருக்கினா நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். அந்த ஆறு சிலிண்டர் ஓடின அதே தூரம். பூமியை ஒரு சுத்து சுத்தினா நாப்பதாயிரம்க்கா. பத்து சுத்துக்கு மேல."

"ம்."

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். வருஷத்துக்கு முந்நூறு நாள். ஆறு வருஷம்." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். புகையில் சிவந்தே போன அவள் கண்ணையும், முழங்கைவரை இருந்த சின்னச் சின்னப் பொறித் தழும்புகளையும் அன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். "இவ்வளவு நேரமும் நீ இதுக்குப் பின்னாடியே நின்னியாக்கா?"

"பின்னே? ராடு யார் எடுத்துக் கொடுப்பா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்லையேக்கா நீ. நான் ரோட்டுல இருந்து தினமும் போன் பண்ணுவேனே."

பொறியக்கா கவரைத் துணியோடு தூக்கிக்கொண்டாள். அழக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் கண் நிரம்பிவிட்டது.

"பண்ணுவ. எங்க இருக்கே அக்கான்னு கேப்ப. இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். நீ வச்சிடுவ" என்றாள். "அதுக்கு மேல நீ கேட்டதில்லையேடா."